கிடாருக்கு எதுக்குங்க ஓட்டை?

முதல்லயே சொல்லிடறேன். ரெண்டு பக்க நியாயத்தையும் தராசுல வச்சு நிறுத்து, நடுவுல நின்னு எழுதுற ஆள் நான் இல்லை. இந்த விஷயத்துல எனக்கு ஒரு கட்சி இருக்கு, கொஞ்சம் கோவமும் இருக்கு. ரெண்டும் தெரியற மாதிரிதான் எழுதப் போறேன்.

கடலூர்லயும் சிதம்பரத்துலயும் அக்கூஸ்டிக் கிடார் வாசிக்கிற பசங்க இப்ப நிறைய பேர். மஞ்சக்குப்பத்துல ஒரு ரிசப்ஷன், முதுநகர்ல ஒரு சர்ச் ஆண்டு விழா, அண்ணாமலைநகர்ல ஒரு ஹாஸ்டல் டே, டிசம்பர் வந்தா வீடு வீடா கேரல்ஸ். மேடை ஏறினதும் மைக்செட்காரர் கேக்கற முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "தம்பி, கிடார்ல லைன் இருக்கா?"

இல்லைன்னு சொன்னா அவர் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும். ஏதோ பந்திக்கு இலை கொண்டு வராம வந்த மாதிரி! ஒரு பழைய மைக்கை எடுத்து கிடார் முன்னாடி நட்டு வைப்பார். ரெண்டாவது பாட்டுலயே அது "கூ"ன்னு ஊளை விடும். மூணாவது பாட்டுல அவரே கிடார் வால்யூமை பூஜ்யத்துக்கு இறக்கிடுவார். பையன் கையை ஆட்டிக்கிட்டு நிப்பான், சபைக்கு ஒரு சத்தமும் போகாது. அவங்க அம்மா மட்டும் முதல் வரிசையில உக்காந்து கை தட்டுவாங்க.

அடுத்த வாரம் அந்தப் பையன் கிடாரைத் தூக்கிக்கிட்டு ஒரு கடைக்குப் போறான். "அண்ணே, ஈக்யூ ஃபிட் பண்ணிக் குடுங்கண்ணே." அண்ணனும் சந்தோஷமா ரம்பத்தை எடுக்கறார்.

இங்கதான் எனக்கு எரியுது.

அந்த 'ஈக்யூ ஃபிட்டிங்'னா என்னன்னு பாத்திருக்கீங்களா? கிடாரோட பக்கப் பலகையில தீப்பெட்டியை விடப் பெரிய ஒரு செவ்வக ஓட்டை. அந்தப் பலகையோட கனம் எவ்வளவு தெரியுமா? ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர். அவ்வளவுதான். அதுல ஒரு பிளாஸ்டிக் பெட்டி, 9 வோல்ட் பேட்டரி. அப்புறம் பிரிட்ஜ்ல சேடில் உக்கார்ற பள்ளத்துக்குள்ள ஒரு துளை, அதுவழியா பீசோ பட்டை. கடைசியா அடியில பட்டை மாட்டுற குமிழைப் பிடுங்கிட்டு, அந்த இடத்துல 12 மில்லிமீட்டர் அளவுக்கு ட்ரில் போட்டு ஜாக். ஆக மொத்தம் மூணு இடத்துல வெட்டு. மூணுமே போட்டா போட்டதுதான், திரும்ப அடைக்க முடியாது.

தொழிற்சாலையில இதைச் செய்யறப்ப அச்சு வச்சு செய்வாங்க, உள்ள மரத்துண்டு ஒட்டி பலப்படுத்துவாங்க. அந்த மாதிரி வர்ற கிடாரைப் பத்தி எனக்கு ஒரு வழக்கும் இல்லை. புதுசா வாங்கறவங்க தாராளமா அப்படியே வாங்குங்க. நான் பேசறது வேற. ஏற்கெனவே வீட்டுல இருக்கற கிடாரை, அதுவும் பல வருஷம் காய்ஞ்சு நல்லா பேச ஆரம்பிச்ச கிடாரை, ஒரு சாயங்கால புரோகிராமுக்காக ரம்பம் போடறதைப் பத்தி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், முதுநகர் பக்கம். பேர் வேண்டாம். அவன் தாய்மாமன் வாசிச்ச கிடார் அது. மாமா போய்ச் சேர்ந்த பிறகு பரண்ல கிடந்து, தானே மூங்கிலும் பிஞ்சும் இவன் கைக்கு வந்திருக்கு. வேற கிடார் வாங்க வீட்டுல வசதி இல்லை. சர்ச்ல வாசிக்கணும், லைன் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஒரு கடையில (எந்த ஊர்னு கூட சொல்ல மாட்டேன்) குடுத்து வெட்டியாச்சு. ஒரு மழைக்காலம்தான் தாங்குச்சு. வெட்டின செவ்வகத்தோட மூலையில இருந்து ஒரு விரிசல் கிளம்பி, பலகை நீளத்துக்கு ஓடிடுச்சு. மூலை கூர்மையா இருந்தா இழுவிசை எல்லாம் அந்த இடத்துலதான் சேரும், விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். இது தச்சு வேலை தெரிஞ்ச யாருக்கும் தெரியும். கடைக்காரருக்குத் தெரியலை, இல்லை தெரிஞ்சும் அக்கறை இல்லை. அந்தப் பையன் வீட்டுல அதைக் காமிச்சப்ப அவங்க அம்மா ஒண்ணும் பேசலை. தம்பியோட கிடார் இல்லையா அவங்களுக்கு.

இத்தனைக்கும் இதுக்கு ஒரு மாற்று இருக்கு. அதைப் பத்திக் கடையில யாரும் மூச்சு விட மாட்டாங்க. கிடாரோட வாயில, அந்த வட்ட ஓட்டையில, குறுக்கா மாட்டிக்கிட்டு வேலை முடிஞ்சதும் கழட்டி பைக்குள்ள போட்டுக்கற பிக்கப். சவுண்ட்ஹோல் பிக்கப்னு சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் சின்னக் கிளாம்ப், தக்கையோ ரப்பரோ வச்சிருக்கும், ஸ்க்ரூவை முறுக்கினா ஓட்டை விளிம்பைக் கவ்விப் பிடிச்சுக்கும். வழக்கமான கிடார்ல அந்த ஓட்டை 10 சென்டிமீட்டர் அகலம். எல்லாக் கம்பெனியும் அந்த அளவுக்குத்தான் செய்யறான். மாட்ட அஞ்சு நிமிஷம், கழட்ட ரெண்டு நிமிஷம். சில நூறு ரூபாய்ல ஆரம்பிச்சு இருபதாயிரத்தைத் தாண்டியும் இருக்கு. கிடாருக்கு ஒரு கீறல் இல்லை.

வேலை செய்யற விதமும் ரொம்ப எளிமை. ஒரு காந்தம். அதைச் சுத்தி தலைமுடியை விட மெல்லிசான செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. மேல எஃகுத் தந்தி அதிர்ந்தா காந்தப்புலம் அசையும், சுருள்ல சின்னதா மின்சாரம் வரும். அவ்வளவுதாங்க. நம்ம எலக்ட்ரிக் கிடார்ல இருக்கற அதே சமாச்சாரம்தான்.

இதுல முக்கியமான விஷயம், அது காத்துல வர்ற சத்தத்தைக் கேக்கறதே இல்லை. தந்தியோட அசைவை மட்டும்தான் பாக்குது. பக்கத்துல டிரம்ஸ் அடிச்சாலும், பின்னாடி ஜெனரேட்டர் உறுமினாலும், வெளியில பட்டாசு வெடிச்சாலும் அதுக்குக் கவலை இல்லை. மைக் அப்படி இல்லை. கிடார்ல இருந்து ஒரு அடி தள்ளி வச்ச மைக்கை ரெண்டு அடிக்குத் தள்ளினா சத்தம் 6 டெசிபல் குறையும். குறைஞ்சதை ஈடு கட்ட மைக்செட்காரர் குமிழைத் திருகுவார். திருகினா பாக்ஸ்ல இருந்து வர்ற சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போகும். கிடார் வயித்துக்குள்ள இருக்கற காத்து 100 ஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துல தானாவே முழங்கற சுபாவம் உள்ளது. வட்டம் முழுசாச்சு, ஊளை. இது பையன் குத்தமும் இல்லை, மைக்செட்காரர் குத்தமும் இல்லை. பௌதிகம்.

நம்ம மேடைங்க எப்படி இருக்குன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சில்வர் பீச்ல மேடை போட்டா கடல்காத்து மைக்குக்குள்ள "புர்ர்"ன்னு போகும். மஞ்சக்குப்பம் மைதானத்துல ஒரு பக்கம் ராட்டினம், இன்னொரு பக்கம் மிளகா பஜ்ஜி. கல்யாண மண்டபம்னா கேக்கவே வேணாம், மொசைக் தரையும் வெறும் சுவரும் சத்தத்தைப் பந்தாடும். சிதம்பரத்துல நாலு வீதியிலயும் தேர் வர்றப்ப நாகஸ்வரம் மைக்கே இல்லாம வீதியை நிறைச்சிடும். அது வெளியில வாசிக்கறதுக்குன்னே பொறந்த வாத்தியம். கிடார் வீட்டுக் கூடத்துல நாலு பேருக்கு வாசிக்கப் பொறந்தது. அதைக் கொண்டாந்து மைதானத்துல நிக்க வச்சது நாம. அப்ப அதுக்கு ஏதாவது ஒரு துணை வேணும்தான். பிக்கப்பே வேணாம்னு நானும் சொல்லலை. துணைக்கு வர்றவன் கூட வந்து நிக்கட்டும், வயித்தைக் கிழிச்சு உள்ள குடியேற வேணாம்.

அடுத்த கோஷ்டிக்கு வருவோம். இவங்க கடைக்காரர் இல்லை, ரசிகர்கள். "என்னங்க, காந்தப் பிக்கப் போட்டா அக்கூஸ்டிக் சவுண்டே வராது. எலக்ட்ரிக் கிடார் மாதிரி கேக்கும். மரத்தோட உயிரே போயிடும்." இதைச் சொல்றவங்க பெரும்பாலும் வீட்டுல ஹெட்போன்ல கேக்கறவங்க. எல்லாருக்கும் மனசுல ஒரு 'இளைய நிலா' இருக்கு. 1982ல வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துப் பாட்டு. கிடார் எடுத்துக்கிட்டு எங்க போனாலும் "தம்பி, இளைய நிலா வாசிங்க"ன்னு ஒரு குரல் வராம இருக்காது. நல்லது. ஆனா அது ஸ்டூடியோவுல, கதவைச் சாத்திட்டு, சுத்தி அமைதியா இருக்க, நல்ல மைக்கை வச்சு எடுத்தது. அதே சத்தம் திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்துல, முந்நூறு பேர் சாப்பிட்டுக்கிட்டே பேசற எடத்துல வேணும்னா எப்படிங்க?

இன்னொண்ணும் சொல்றேன். மண்டபத்துல ஒலிபெருக்கி போட்ட நிமிஷமே 'இயற்கையான சத்தம்'ங்கற பேச்சு முடிஞ்சது. பதினஞ்சு இஞ்ச் பாக்ஸ் வழியா, நம்மாளு ஆசையா போடற எக்கோ வழியா வர்றதுல எங்க இருக்கு மரத்தோட உயிர்? (இந்த எக்கோவைப் பத்தித் தனியா ஒரு நாள் அழணும். "வணக்கம்"னு ஒரு தடவை சொன்னா மூணு தடவை கேக்குது.)

அப்புறம் அந்த 'ஈக்யூ'ல இருக்கற பீசோ மட்டும் என்ன பெரிய இயற்கை? அது சேடிலுக்கு அடியில அழுத்தத்தைப் பாக்குது. கொஞ்சம் ஓங்கி வாசிச்சா வாத்து கத்தற மாதிரி ஒரு சத்தம் வரும், அதைக் கேக்காதவங்களே இருக்க முடியாது. பள்ளத்தோட அடி சமமா இல்லைன்னா ஒரு தந்தி கத்தும், ஒரு தந்தி முனகும். கையால ரம்பம் போடற கடையில பள்ளம் எவ்வளவு சமமா இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. ஆக ரெண்டுமே இயற்கை இல்லை. ஒண்ணு கழட்டிடலாம், இன்னொண்ணைக் கழட்ட முடியாது. இவ்வளவுதான் என் வாதம்.

இந்த 'உயிர் போயிடும்' பாட்டு நமக்குப் புதுசும் இல்லை. கர்நாடக சங்கீதத்துல வீணைக்கு கான்டாக்ட் மைக் ஒட்டலாமா கூடாதான்னு எத்தனை வருஷமா சண்டை போடறாங்க! சிதம்பரம் வேற எந்த ஊரையும் போல இல்லை. ராஜா அண்ணாமலை செட்டியார் ஆரம்பிச்ச இசைக் கல்லூரி 1929ல இருந்து இங்க இருக்கு. டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் இருந்து சொல்லிக் குடுத்த இடம். அதனால இந்த ஊர்ல சத்தத்தைப் பத்திக் கருத்து சொல்ல எல்லாருக்கும் உரிமை இருக்கறதா ஒரு நினைப்பு. தப்பில்லை, எனக்கும் இருக்கே.

வீணை விஷயத்துல பாருங்க, எதிர்க்கறவங்க சொல்றதுல ஒரு பொருள் இருக்கு. பல வீணைகள்ல சாரணியும் பஞ்சமமும் எஃகு, மந்தரமும் அனுமந்தரமும் பித்தளை. காந்தம் பித்தளையைக் கண்டுக்கவே கண்டுக்காது. அதனால காந்தப் பிக்கப் அங்க பாதி ஊமை. ஒட்டற மைக் வச்சாத்தான் உண்டு, அதுக்கு அதோட பிரச்சினைங்க. ஆனா மடியில வச்சு வாசிக்கிற வாத்தியம், பக்கத்துல மிருதங்கம், எதிர்ல ஆயிரம் பேர். ஒட்டு மைக் இல்லாம பின் வரிசைக்குக் கமகம் போய்ச் சேருமா? வைணிகர்கள் கண்டுபிடிச்ச வழி என்ன? பலாமரத்தை வெட்டாம, மேல ஒட்டி, கச்சேரி முடிஞ்சதும் எடுத்துடறது. நான் கிடாருக்குக் கேக்கறதும் அந்த மரியாதையைத்தான்.

மாண்டலின் ஸ்ரீனிவாசை மறந்துட முடியுமா? 1981ல சென்னையில அந்தப் பிள்ளை மேடை ஏறினப்ப பன்னெண்டு வயசு. கையில இருந்தது எலக்ட்ரிக் மாண்டலின். தந்தி அசைவைச் சுருள் பாக்கற அதே ஏற்பாடு. எலக்ட்ரிக் வாத்தியத்துல ராகமான்னு மூக்கைச் சுழிச்சவங்க உண்டு. 2014 செப்டம்பர்ல, 45 வயசுல அவர் போனப்ப, காந்தச் சுருள்ல கமகம் வராதுன்னு சொல்ல யாருக்காவது வாய் வந்துச்சா? உயிர் சுருள்ல இல்லை, விரல்ல இருக்கு.

சரி, வெளியூர் சரித்திரத்தையும் கொஞ்சம் பாத்துடலாம். ஏன்னா "ப்ரொஃபஷனல்ஸ் யாரும் இதைப் போட மாட்டாங்க ப்ரோ"ன்னு ஒருத்தர் என்கிட்ட சொன்னார். அவருக்காகவே இந்தப் பத்தி.

அமெரிக்காவுல ஒஹையோ மாநிலம் டொலீடோவுல ஹாரி டிஆர்மண்ட்னு ஒருத்தர். 1930கள்லயே கிடாரை வெட்டாம மாட்டற பிக்கப் செஞ்சு வித்தார். அதாவது இது நேத்து சீனாவுல இருந்து வந்த குப்பை இல்லை, எலக்ட்ரிக் கிடார் எவ்வளவு பழசோ கிட்டத்தட்ட அவ்வளவு பழசு. டெக்சாஸ் ப்ளூஸ்காரர் லைட்னின் ஹாப்கின்ஸ் தன் கிடார் வாயில டிஆர்மண்ட் பிக்கப்பை மாட்டிக்கிட்டுத்தான் காலம் தள்ளினார்.

இன்னும் சுவாரசியமானது நிர்வாணா கதை. 1993 நவம்பர் 18, நியூயார்க்ல எம்டிவி 'அன்ப்ளக்டு' நிகழ்ச்சி. கர்ட் கோபேன் கையில இருந்தது 1959ல செஞ்ச மார்ட்டின் டி-18ஈ. 'ஈ'ன்னா எலக்ட்ரிக். கம்பெனியே முகப்பலகையில ஓட்டை போட்டு, பிக்கப் வச்சு, குமிழெல்லாம் திருகி வித்த கிடார். வெட்டு, ஓட்டை எல்லாம் ஏற்கெனவே ரெடி. அப்படியும் அவர் என்ன பண்ணார்னா, அது வாயில ஒரு பார்டோலினி சவுண்ட்ஹோல் பிக்கப்பைத் தனியா மாட்டிக்கிட்டார்! வெட்டி வச்சது எல்லாம் சும்மா கிடந்துச்சு. அந்தக் கிடார் 2020 ஜூன்ல ஏலத்துல 60 லட்சம் டாலருக்குப் போச்சு. 'அன்ப்ளக்டு'ன்னு பேரு, ஆனா ஒயர் போனது போனதுதான். உலகமே இன்னிக்கும் அந்த ஆல்பத்தைக் கேட்டுட்டு "ஆஹா, என்ன அக்கூஸ்டிக்"ங்குது :-)

இப்ப குறைங்களைச் சொல்லணும். சொல்லலைன்னா நானும் கடைக்காரர் மாதிரி ஆயிடுவேன்.

ஒண்ணு, நைலான் தந்தி கிடாருக்கு இது சுத்தமா ஆகாது. ஒரு சத்தமும் வராது. காந்தத்துக்கு இரும்பு வேணும்.

அடுத்தது, நாம போடற வெண்கலத் தந்தியில மேல சுத்தியிருக்கற வெண்கலம் காந்தத்துக்குத் தெரியாது, உள்ள இருக்கற எஃகு நரம்பு மட்டும்தான் தெரியும். அதனால சுத்து இல்லாத ரெண்டாவது தந்தி (பி) எகிறிக் கத்தும். பிக்கப்ல ஒவ்வொரு தந்திக்கும் கீழ சின்ன ஸ்க்ரூ இருந்தா பி-க்குக் கீழ இருக்கறதை நல்லா இறக்கிடுங்க. ஸ்க்ரூ இல்லாத மாடலை வாங்கவே வாங்காதீங்க. பிக்கப்பையே கொஞ்சம் சாய்ச்சும் மாட்டலாம்.

கிடார் உடம்புல தாளம் தட்டி வாசிக்கிற ஸ்டைல்காரங்களுக்கும் இது பத்தாது. தட்டற சத்தம் முக்கால்வாசி கேக்காது. அவங்களுக்கு வேற ஏற்பாடு வேணும், ஒத்துக்கறேன். ஊளையே விடாதுன்னும் சொல்ல மாட்டேன். பாக்ஸுக்கு நேரா போய் நின்னா முகப்பலகை அதிரும், தந்தி அதிரும், பிக்கப்பும் கூவும். 1964ல பீட்டில்ஸ் 'ஐ ஃபீல் ஃபைன்' பாட்டு ஆரம்பத்துல ஜான் லென்னன் பிக்கப் வச்ச அக்கூஸ்டிக் கிடாரை ஆம்ப் கிட்ட கொண்டு போய் அந்த ஊளையை வேணும்னே ரெக்கார்ட் பண்ணினார். நமக்கு அது வேணாம், ரெண்டடி தள்ளி நில்லுங்க.

இரைச்சல்தான் நம்ம ஊர்ல பெரிய தலைவலி. ஒத்தைச் சுருள் பிக்கப்னா சீரியல் செட், டியூப் லைட், டிம்மர் எல்லாத்தையும் உறிஞ்சி "ம்ம்ம்"னு பாடும். கல்யாண மண்டபத்துல சீரியல் செட் இல்லாத சுவர் ஏது? அதனால ரெட்டைச் சுருள், ஹம்பக்கர் வகையைப் பாத்து வாங்குங்க. நூறு இரநூறு கூடப் போகும், போகட்டும்.

இதெல்லாம் இருந்தும் பத்துல எட்டு பேர் "மாட்டிப் பாத்தேன், மொக்கையா இருந்துச்சு"ன்னு சொல்றதுக்குக் காரணம் பிக்கப் இல்லை, ஒயர் போய்ச் சேர்ற இடம். நம்ம மைக்செட்ல பத்து மீட்டர் ஒயரைக் குடுத்து நேரா மிக்சரோட லைன்ல குத்துவாங்க. பேட்டரி இல்லாத பிக்கப்புக்கு 1 மெகா ஓம் மாதிரி பெரிய தடை உள்ள வாசல் வேணும். மிக்சர் லைன்ல இருக்கறது பத்து, இருபது கிலோ ஓம். அங்க குத்தினா ட்ரெபிள் செத்து, சட்டிக்குள்ள இருந்து வாசிக்கற மாதிரிதான் வரும். நடுவுல ஒரு டிஐ பாக்ஸ் வச்சா முடிஞ்சது. கிடார்ல இருந்து டிஐ வரைக்கும் மூணு மீட்டர் ஒயர், அங்கிருந்து எவ்வளவு நீளமா மைக் ஒயர் போனாலும் பரவாயில்லை. "ஈக்யூ" போட ஆகற செலவுல பிக்கப்பும் வாங்கி, ஒரு சாதா டிஐ பாக்ஸும் வாங்கிடலாம். மைக்செட் வச்சிருக்கற அண்ணன்மாருக்கும் இதே வேண்டுகோள்தான். நாலு பாக்ஸ் சேத்து அடுக்கற காசுல, ஒரு டிஐயை வாங்கிப் பெட்டியில போடுங்க. பசங்க உங்களைக் கும்பிடுவாங்க.

கடலோரக் காரங்களுக்குன்னு இன்னொரு கணக்கும் இருக்கு. கடலூர் உப்புக்காத்துல தந்தி மூணே வாரத்துல துரு பிடிக்குது. அந்தக் காத்து 'ஈக்யூ' பெட்டியை மட்டும் விட்டு வைக்குமா? பேட்டரி முனையில பச்சை பூக்கும், குமிழைத் திருகினா "கர கர"ங்கும். அப்புறம் அந்தச் செவ்வக ஓட்டைக்கு உள்ள செத்துப்போன பெட்டி, அதே அளவுல மாத்துப் பெட்டி கிடைக்காது. வெட்டை இன்னும் கொஞ்சம் பெருசாக்கு! வாய்ல மாட்டற பிக்கப் கெட்டுப்போனா கழட்டி ஓரமா வச்சுட்டு வேற வாங்கலாம். கிடார் எப்பவும் போல கிடாராவே இருக்கும். புரோகிராம் நடுவுல பேட்டரி போற கூத்தும் இல்லை.

கடைசியா ஒண்ணு, இது விளையாட்டு இல்லை. ஜெனரேட்டர் மேடைங்கள்ல எர்த் ஒழுங்கா இருக்கான்னு யாரும் பாக்கறதில்லை. மைக்ல உதடு பட்டதும் 'சுர்'ங்கற அனுபவம் பாடறவங்க பல பேருக்கு இருக்கும், சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. 1972 மே 3, பிரிட்டன்ல ஸ்வான்சீ ஊர்ல ஒரு மேடை. ஸ்டோன் த க்ரோஸ் குழுவோட கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, ஒரு கையில கிடார், இன்னொரு கையில எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார். அங்கயே போயிட்டார். எலக்ட்ரிக் கிடார்ல தந்தியே எர்த்தோட சேர்ந்திருக்கும். பெரும்பாலான சவுண்ட்ஹோல் பிக்கப்ல தந்திக்கும் ஒயருக்கும் சம்பந்தம் கிடையாது, அந்த வகையில ஒரு ஆபத்து குறைவு. ஆனா ஜாக்கோட உலோகம் கையில படும், மைக் உதட்டுல படும். அதனால மேடை ஏறினதும் பத்து ரூபா டெஸ்டரை எடுத்து மைக் வலைமேல வச்சுப் பாருங்க. எரிஞ்சா வாசிக்காதீங்க. யார் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, எர்த் சரி பண்ணாம இறங்கி வந்துடுங்க.

பி.கு: மாட்டறப்ப தந்தியை ஒரு சுத்து தளர்த்திக்கிட்டு மாட்டுங்க. ஓட்டையோட கழுத்துப் பக்க விளிம்புல வைங்க, பிரிட்ஜ் பக்கம் வேணாம். அங்கதான் உள்ள சட்டம் இருக்கு, முகப்பலகை அதிர்வும் கம்மி. ஸ்க்ரூவை விரல் பலத்துக்கு மேல முறுக்காதீங்க. ஒயரைத் தோள்பட்டை வாருக்குள்ள ஒரு சுத்து சுத்தி விட்டுட்டா, யாராவது மிதிச்சாலும் பிக்கப் பிடுங்கிக்காது. வீட்டுக்கு வந்ததும் கழட்டிடுங்க. அந்தக் கனம் இல்லாம, ராத்திரி திண்ணையில உக்காந்து சும்மா ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க.